டீச்சரின் அரை மாத்திரை

பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் நான் என் பையை அதில் வைக்க மாட்டேன், மேடம். மடியிலேயே வைத்துக்கொள்வேன். காலியாக இருப்பதால் அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது, அடுத்த ஸ்டாப்பில் ஏறப்போகிறவருடையது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலி இடத்தின் அருமை தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. எங்கள் ஆபீஸிலேயே அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

தண்ணீர் போதும். டீ குடித்தால் நெஞ்சு எரிகிறது.

முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது பிடிபடும். முதியோர் இல்லங்களில் இருக்கிறவர்களுக்கு மாத்திரைகளைப் பொட்டலம் போட்டு அனுப்புகிறோம். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. மேலே பெயர் அச்சாகியிருக்கும். இல்லத்தில் நர்ஸம்மா அதைக் கிழித்து அவரவர் உள்ளங்கையில் கொட்டுவார், அவ்வளவுதான். எந்த மாத்திரை, எவ்வளவு என்று பொட்டலம் போடும் மெஷினுக்குச் சொல்வது கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவன் நான். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டரையே கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று அண்ணி சொல்வார். உண்மைதான்.

பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஆளுக்கு ஒரே பதிவு. அதில் மருந்து என்று ஒரு கட்டம், அந்த ஒரே கட்டத்துக்குள் நாலு மருந்தும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அளவு என்று இன்னொரு கட்டம், அதற்குள் நாலு அளவும் அதே வரிசையில். இரண்டாவது மருந்துக்கு இரண்டாவது அளவு, மூன்றாவதுக்கு மூன்றாவது. இடத்தை வைத்துத்தான் ஜோடி சேரும். வலி மாத்திரை, தூக்க மாத்திரை மாதிரி ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று டாக்டர் எழுதியதற்கு அளவு கிடையாது, அந்த இடத்தைக் காலியாக விடுவோம். காலி என்றால் மெஷின் அந்த மருந்தைத் தொடாது. நர்ஸம்மா பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான்.

என் அண்ணியும் அப்படி ஒரு இல்லத்தில்தான் இருக்கிறார். அம்மா போன பிறகு என்னைத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பியது அண்ணிதான். அண்ணன் இறந்தபோது என்னோடு வந்து இருங்கள் என்றேன். “உன் வீட்டுக்கு வந்து சுவத்தோட பேசவா? அங்கே போனா சண்டை போடவாவது ஆள் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை போட ஆளும் கிடைத்தது. ஒரே அறையில் எதிர்க் கட்டில், ரிட்டயர்டு கணக்கு டீச்சர். அண்ணிக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், டீச்சருக்கு மூடியிருக்க வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை போனால் வாசலிலேயே நிறுத்தி, “பதினேழு ஏழு?” என்பார் டீச்சர். “நூத்திப் பத்தொன்பது” என்று சொன்னால்தான் உள்ளே விடுவார். தலை நரைத்தவனை இப்படி வாய்ப்பாடு கேட்க எனக்கு வேறு யார் இருந்தார்கள்? எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை என்று புதிதாக ஒன்று வாங்கினார்கள். கூடவே அதற்கென்று ஒரு மேனேஜரும் வந்தார். நடக்கும்போதெல்லாம் விசிலடிப்பார், அதனால் அவருக்கு விசில் என்றே பெயராகிவிட்டது. கெட்டவர் இல்லை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வந்த முதல் வாரமே எல்லாரையும் கூட்டி வைத்து, என் பழைய கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னார்:

“அண்ணனோட சிஸ்டம் கூட்டுக்குடும்பம் மாதிரிங்க. ஒரே ரூம்ல எல்லாரையும் படுக்க வெச்சிருக்கார். யார் காலு யார் மூஞ்சில இருக்குன்னு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அடுத்த நாள் என் மேஜையைப் பழைய பிரிண்டர்கள் கிடக்கும் அறைக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். “அங்க நிம்மதியா இருக்கலாம்ணே” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் யாரிடமும் முகத்தைக் காட்டிப் பேசவில்லை.

இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமே வேறு. பழையதில் இருப்பதைப் புதியது அப்படியே படிக்காது. அதனால் எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகக் கோப்புகளில் இறக்கி, ஒவ்வொரு மதிப்புக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, புதியதில் மொத்தமாக ஏற்ற வேண்டும். ஏற்றுகிற புரோகிராமுக்கு ஒரு குணம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு கோடு வந்தால், நடுவில் ஒன்றும் இல்லையே என்று அதை ஒரே கோடாக எடுத்துக்கொள்ளும். காலி இடம் காணாமல் போய்விடும். அதற்குப் பின்னால் இருக்கிற அளவுகள் எல்லாம் ஒரு இடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிடும். மருந்துகள் நகராது, அவற்றில் காலி இல்லை. இப்படி ஆகாமல் இருக்க ஏற்றும்போது திரையில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். ஒரு டிக், அவ்வளவுதான்.

ஒத்திகையிலேயே நான் இதைப் பார்த்துவிட்டேன். முதலில் பார்த்தது டீச்சருடைய பதிவைத்தான். பிரஷர் மாத்திரை ஒன்று, வலி மாத்திரை காலி, இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை அரை, சத்து மாத்திரை இரண்டு. ஏற்றிய பிறகு பார்த்தால் வலி மாத்திரைக்கு அரை வந்திருந்தது, இதய மாத்திரைக்கு இரண்டு. சத்து மாத்திரைக்கு ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. யார் கண்ணுக்கும் படுகிற மாதிரி பெரிய எண் எதுவும் இல்லை.

விசிலிடம் சொல்லத்தான் போனேன். போனில் இருந்தார், கையைக் காட்டி நிற்கச் சொன்னார். நின்றேன். பேசி முடித்துவிட்டு, “எண்ணிக்கை டேலி ஆச்சாண்ணே? வெளில வந்த பதிவு எவ்வளவோ அவ்வளவும் உள்ள போச்சா?” என்றார்.

“போச்சு” என்றேன்.

“அப்புறம் என்ன” என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே எழுந்து போனார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

நிஜமாக ஏற்றிய அன்று, “அண்ணன் கையால ஆரம்பிக்கட்டும்” என்று என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். மரியாதைக்காம். அந்தக் கட்டம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் டிக் போடவில்லை. பொத்தானை அழுத்தினேன். எல்லாரும் கை தட்டினார்கள், யாரோ என் தோளில் தட்டினார்கள். நானும் கை தட்டினேன்.

என்ன நினைத்துக்கொண்டு செய்தேன் என்று கேட்கிறீர்கள். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. நாலு பேருக்குத் தலை சுற்றும், ஒருத்தருக்கு வாந்தி வரும், இல்லங்களிலிருந்து போன் மேல் போன் வரும். விசில் கையைப் பிசைவார். பிறகு பிரிண்டர் அறைப் பக்கம் நடந்து வந்து, “அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க” என்பார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் சொன்ன மறு நிமிஷம் சரிசெய்து கொடுக்கத் தயாராக இருந்தேன்.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அண்ணியின் பதிவைத் திறந்தேன். அண்ணிக்கு இரண்டாவது இடத்தில் தூக்க மாத்திரை, அது காலியாக இருக்க வேண்டும். அதற்கு ஒன்று என்று வந்திருந்தது. சர்க்கரை மாத்திரையின் அளவும் மாறியிருந்தது. திருத்தி மூடினேன். கை அதுவாகவே போயிற்று. பிறகு டீச்சருடையதையும் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குத் திருத்தினால் அதே இல்லத்தில் எதிர் அறையில் இருக்கிற பெரியவருக்கும் திருத்தத் தோன்றும். அவருக்குத் திருத்தினால் எல்லாருக்கும் திருத்த வேண்டியிருக்கும். எல்லாருக்கும் திருத்திவிட்டால் விசிலின் வேலை பிரமாதம் என்று ஆகிவிடும். அதனால் மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு இல்லத்துக்குப் போனபோது டீச்சர் வாசலுக்கு வரவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பாடு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்து, “யாரு சுவத்துக்கு மஞ்சள் அடிச்சது?” என்றார். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது.

“கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்க டீச்சர். நேத்துலேர்ந்து இதே பாட்டு” என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் ஜன்னலை டீச்சருக்காக மூடி வைத்திருந்தார்.

அந்த இதய மாத்திரை அதிகமானால் பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். மருந்துக் கம்பெனியில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு அதுகூடத் தெரியாதா எனக்கு? டீச்சரின் கண்ணாடியை வாங்கி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்து, நானே போட்டுவிட்டேன். “இப்ப பரவாயில்ல” என்றார், என் மனசு கோணக் கூடாது என்று. அன்று அவர் வாய்ப்பாடு கேட்கவில்லை. கேட்பார் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

திங்கள்கிழமை நர்ஸம்மா ஆபீஸுக்குப் போன் செய்தார். எப்போதும் போல என்னிடம்தான் பேசினார். “சார், டீச்சருக்கு நாடி ரொம்ப மெதுவா இருக்கு. மருந்து ஏதாவது மாறியிருக்கா, பாத்துச் சொல்லுங்க.” திரையைப் பார்த்தேன். பொட்டலத்தில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாகத்தான் இருந்தன. அதையே சொன்னேன். “வேற சந்தேகம் இருந்தா புது மேனேஜரைக் கேளுங்கம்மா, இப்ப எல்லாம் அவர் பொறுப்பு” என்றும் சொன்னேன். அவர் விசிலைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் டீச்சர் எழுந்திருக்கவில்லை.

வேறு இல்லங்களில் நடந்தது உங்கள் பைலில் இருக்கும். அவர்களையெல்லாம் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு விசில் வந்தார். விசிலடிக்காமல் வந்தார். முகமெல்லாம் வெளுத்து, என் மேஜையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க” என்றார். எழுந்து போனேன். டிக் போட்டு மறுபடியும் ஏற்றினேன், அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிட்டது. “நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்குமோ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுதார், மேடம். பாவம், எனக்கே கஷ்டமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் என் மேஜை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். மருந்து ஒரு வரிசை, அளவு ஒரு வரிசை, நடுவில் ஒரு இடம் காணாமல் போனால் என்ன ஆகும் என்று, மேஜை மேல் நாலு ஸ்பூனும் நாலு மூடியும் வைத்துக் காட்டினேன். அந்த மேனேஜர் பையன் கவனிக்காமல் விட்டதை நான் கண்டுபிடித்துச் சரிசெய்தேன் என்றேன். அண்ணி ஸ்பூன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

“எனக்கும் தூக்க மாத்திரை காலிதானே, தம்பி?” என்றார்.

“ஆமாம் அண்ணி.”

“டீச்சருக்கு மாறிச்சு. எதிர் ரூம் பெரியவருக்கு மாறிச்சு. எனக்கு மட்டும் எப்படிடா மாறல?”

அண்ணி என்னை டா போட்டுப் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தற்செயலாக இருக்கும் என்றேன். அவர் எழுந்து போய், டீச்சருக்காக மூடி வைத்திருந்த ஜன்னலைத் திறக்கப் போனார், திறக்காமலே திரும்பி வந்தார். “நீ கிளம்பு” என்றார். உங்களிடம் சொன்னது அண்ணிதான் என்று எனக்குத் தெரியும். கோபமெல்லாம் இல்லை. சின்ன வயதில் எது செய்தாலும் அண்ணனிடம் போட்டுக்கொடுப்பார், பிறகு அவரேதான் சமாதானம் செய்வார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? போடுகிறேன். அந்த டிக்கை வேண்டுமென்றேதான் விட்டேன். டீச்சருக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தேதான் கண்ணாடியைத் துடைத்தேன். எதையும் மறுக்கவில்லை.

ஒரே ஒரு உதவி. நான் செய்தது தெரிந்த நாளிலிருந்து அண்ணி நர்ஸம்மாவைப் பொட்டலத்தைக் கிழிக்க விடாமல் வாங்கி வைத்துக்கொள்கிறாராம். எல்லாம் தலையணைக்கு அடியில் கிடக்கிறது, சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்று நர்ஸம்மா சொன்னார். நீங்கள் போகும்போது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், மேடம். அவருடைய மாத்திரையில் மட்டும் ஒருநாளும் தப்பு வந்ததில்லை, அது மாறக் கூடாது என்று நானே உட்கார்ந்து என் கையால் திருத்தினேன் என்று சொன்னால் நம்பிச் சாப்பிடுவார்.