எடுக்கலாம், வேலி அடைக்க ஏலாது

“ஆரும் எடுக்கலாம், அண்ணை. வேலி அடைக்கத்தான் ஏலாது.”

மன்னார் பஸ் தாராபுரத்தில் நின்றபோது முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னாள். மீள்குடியேறியவர்களின் காணித் தகராறு என்றுதான் நினைத்தேன். பேச்சு அவள் எழுதிய கைபேசிச் செயலியைப் பற்றியது. வள்ளம் கடல் எல்லையை நெருங்கினால் அது எச்சரிக்குமாம்.

“பிள்ளை, நிபந்தனை இல்லாமல் குடுத்தால் கொம்பனிக்காரர் ஊரூராய்க் கொண்டுபோவினம்,” என்றார் பக்கத்தில் இருந்தவர். “உம்மட பேரும் இருக்கும். பிறகென்ன?”

“பேர் இருக்கும். அவை திருத்தினது பூட்டிக் கிடக்கும். என்ர புரோகிராமைத் திருத்திக் குடுக்கிறவை, திருத்தினதையும் எல்லாருக்கும் திறந்துவிடவேணும். அதுதான் என்ர லைசன்ஸ்.”

“அப்பிடியெண்டால் ஒருத்தரும் தொடமாட்டினம்.”

அவள் கைபேசியை எடுத்து அழுத்தினாள். ஓர் ஆணின் குரல் வந்தது: “அண்ணே, எல்லை வந்துருச்சு. படகைத் திருப்புங்க.”

“ஆர் இது? இந்தியா அகதிக் கேம்பில உம்மோட படிச்சவனோ?”

“இல்லை, முகமே தெரியாது. ராமேஸ்வரத்துப் பெடியன். நான் வெறும் சைரன்தான் வைச்சனான். குரல் சேர்த்தது அவன். லைசன்ஸ்படி திறந்துவிட்டான், நானும் எடுத்திட்டன்.”

“அவங்கட றோலர் படகு கடலில எங்கட வலையை அறுக்குது. அவன்ர சொல்லை எங்கட ஆக்கள் கேப்பினமோ?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஓலைத்தொடுவாயில கடலுக்குப் போற எங்கட அப்பா ஒருத்தற்ற சொல்லும் கேளாத மனுசன், அண்ணை. அந்தப் பெடியன் ‘திருப்புங்க’ எண்டால் திருப்புறார்.”