கீரை ஆகாத வீடு

அண்ணன்: ...வேரோட போடச் சொன்னேனே. வெட்டிட்டியா?

தங்கை: மண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வெட்டிட்டேன்.

அண்ணன்: மண்ணுன்னா கழுவணும்டி. வேரை வெட்டினா கட்டு கலைஞ்சிடும். இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம்னு தண்ணியில நீந்தும். அப்புறம் எதைப் புடிச்சுப் பிழிவ?

தங்கை: ஓட்டல் சலவைக்கூடத்துல தினம் மலை மாதிரி பெட்ஷீட் பிழியறவகிட்டயே பிழியறதைப் பத்திப் பாடமா?

அண்ணன்: பிழியறது நீயா, மிஷினா?

தங்கை: மிஷினை அமுக்கறது நான்தானே.

அண்ணன்: பெரிய ஆளுதான். இன்னொரு கட்டு இருக்குல்ல, அதை எடு. வேர்ல குறுக்கால ஒரு கீறல் போட்டு தண்ணியில நிக்க வை. மண்ணு தானா எறங்கிடும்.

தங்கை: நீ எதுக்கு எந்திரிக்கற? நாற்காலியை விட்டு நகர்ந்தன்னா சமையல்கட்டுக் கதவைச் சாத்திடுவேன்.

அண்ணன்: எங்க எந்திரிச்சேன்... எட்டிதான் பாத்தேன்.

தங்கை: எட்டிப் பாத்ததுக்கே இப்படி மூச்சு வாங்குது.

அண்ணன்: ...

தங்கை: அண்ணா?

அண்ணன்: இருக்கேன், இருக்கேன். தண்ணி கொதிச்சுதா பாரு.

தங்கை: கொதிக்குது. உப்பும் போட்டாச்சு.

அண்ணன்: முதல்ல தண்டு மட்டும். இலைப் பக்கத்தைக் கையில புடிச்சுக்கிட்டு தண்டை உள்ள விடு. அது லேசா வளைஞ்சு குடுக்கும். அப்புறம் மொத்தத்தையும் முக்கு.

தங்கை: ஐயோ, ஆவி அடிக்குது. கை வேகுது!

அண்ணன்: எனக்கும்தான் வெந்துச்சு. ஓட்டல் சமையல்கட்டுல இதைச் சொல்லிக்குடுத்த ஜப்பான்காரர்கிட்ட கையைக் காட்டினேன். அவர் அவரோட கையைக் காட்டினார். என்னோடது தேவலாம்னு ஆயிடுச்சு.

தங்கை: இப்ப எடுக்கவா?

அண்ணன்: எடு எடு எடு! பச்சைத் தண்ணியில போடு. நிறம் மாறிடப் போகுது.

தங்கை: போட்டாச்சு. எதுக்கு இப்படிக் கத்தற? நெஞ்சு...

அண்ணன்: நெஞ்சு இருக்குற இடத்துலதான் இருக்கு. கீரை எப்படி இருக்கு?

தங்கை: பளிச்னு இருக்கு. கண்ணாடி வளையல் மாதிரி.

அண்ணன்: ம்... ஒன்பது வருஷம் ஆச்சுடி, என் எலி. இந்த வீட்டுல கீரை வாசனை வந்து.

தங்கை: ஆமா.

அண்ணன்: நெஞ்சுல வால்வு வச்சு அனுப்பினப்ப டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை, அதை ஆயுசுக்கும் சாப்பிடணும், கீரை அந்த மாத்திரையை முறிச்சிடும், கிட்டயே போகாதீங்கன்னு. நீ வீட்டுக்கு வந்து முதல் வேலையா இருந்த கீரைக்கட்டைத் தூக்கி மாடிவீட்டு அக்காகிட்ட குடுத்த.

தங்கை: குடுக்காம? கண்ணெதிர்ல வச்சுக்கிட்டா நீ சும்மா இருப்பியா?

அண்ணன்: அப்படிப்பட்ட வீட்டுல இன்னிக்கு மட்டும் எப்படிக் கீரை ஆகும்?

தங்கை: எத்தனை தடவை சொல்றது? மாத்திரையை மாத்திட்டாங்க. புது மாத்திரைக்குக் கீரை சாப்பிடலாமாம்.

அண்ணன்: பழசை நிறுத்தியாச்சு. புதுசை இன்னும் கண்ணுல காட்டலையே?

தங்கை: கடையில வரல. வந்ததும் வாங்கணும்.

அண்ணன்: என்ன கலரு?

தங்கை: வெள்ளை.

அண்ணன்: காலையில மஞ்சள்னு சொன்ன.

தங்கை: வெள்ளை மாதிரி ஒரு மஞ்சள். இப்ப பிழியணுமா வேண்டாமா?

அண்ணன்: பிழி. ஆனா பெட்ஷீட் மாதிரி முறுக்காத. கையில சேத்துப் புடிச்சு, மேலேர்ந்து கீழ அமுக்கிக்கிட்டே வா... ஆங். இப்ப அது மேல சோயா சாஸ் ரெண்டு சொட்டு விட்டு மறுபடி ஒரு தடவை அமுக்கு.

தங்கை: பிழிஞ்சதை நனைச்சுட்டு மறுபடியும் பிழியறதா? யாருய்யா இதைக் கண்டுபுடிச்சது?

அண்ணன்: அப்பதான் உள்ள தங்கின தண்ணி வெளிய போயி உப்பு உள்ள போகும். இதைச் செய்யாம விட்டா எள்ளு மட்டும்தான் நாக்குல நிக்கும், கீரை எங்கன்னு தேடணும்.

தங்கை: எள்ளை எதுல அரைக்கறது? மிக்சியிலயா?

அண்ணன்: மிக்சியில போட்டா என்னை உயிரோட புதைச்சதுக்குச் சமம்.

தங்கை: என்ன பேச்சு இது?

அண்ணன்: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

தங்கை: அந்தப் பேச்சு வேண்டாம்.

அண்ணன்: சரி. பரண்ல ஒரு சட்டி இருக்கும் பாரு. உள்பக்கம் பூரா வரிவரியா கீறியிருக்கும். அந்த ஜப்பான்காரர் ஊருக்குக் கிளம்பறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போனது.

தங்கை: இருக்கு. கொஞ்சம் பொறு... துடைச்சு எடுத்துட்டு வரேன்.

அண்ணன்: உள்ள என்ன கலகலன்னு சத்தம்?

தங்கை: ஒண்ணுமில்ல.

அண்ணன்: எலி, அது பட்டன் சத்தம். அந்தச் சட்டியில பட்டனைப் போட்டு வச்சிருந்தியா?

தங்கை: சும்மாதானே கெடந்துச்சு! சலவைக்கு வர்ற சட்டையிலேர்ந்து உதிர்ற பட்டன். எவனாவது வந்து கேட்டா குடுக்கணும்ல?

அண்ணன்: எவனாவது வந்தானா?

தங்கை: ஒருத்தனும் வரல.

அண்ணன்: ஹ... ஹ... ஐயோ, சிரிக்க வைக்காத. வலிக்குது.

தங்கை: சிரிக்காத. தண்ணி குடி. மெதுவா... போதும். தலகாணியைச் சாச்சு வைக்கறேன்.

அண்ணன்: விடு, விடு. எள்ளை வறு. எண்ணெய் விடாத. ரெண்டு மூணு துள்ளினதும் எறக்கிடு. கருகினா கசக்கும்.

மாடிவீட்டு அக்கா: என்னம்மா, மாடிப்படி வரைக்கும் எள்ளு வாசனை வருது?

தங்கை: வாங்கக்கா. வாசல்லயே நின்னுட்டீங்களே.

மாடிவீட்டு அக்கா: கடையைத் தொறக்கப் போயிட்டிருக்கேன். தம்பியோட இந்த மாச மாத்திரையை எடுத்து வச்சிருந்தேன். ஆளையே காணோமேன்னு... அடியே, அது என்ன தட்டுல? கீரையா? அவருக்குத்தான் ஆகாதே!

தங்கை: இப்ப ஆகும்க்கா. மாத்திரையை மாத்திட்டாங்க.

மாடிவீட்டு அக்கா: மாத்திட்டாங்களா? எந்த மாத்திரை? என் மருந்துக்கடைக்கு ஒரு சீட்டும் வரலையே. வால்வு வச்சவங்களுக்கு இதை விட்டா வேற...

தங்கை: அக்கா. மாத்திட்டாங்க.

மாடிவீட்டு அக்கா: ...ஓ.

தங்கை: ஆமாக்கா.

மாடிவீட்டு அக்கா: ஓ, அதுவா! ஆமா ஆமா. இப்ப புதுசு ஒண்ணு வந்திருக்கு. நல்ல மாத்திரை. நான்தான் மறந்துட்டேன்.

அண்ணன்: அக்கா, அது என்ன கலரு?

மாடிவீட்டு அக்கா: கலரா... சிவப்பு, தம்பி. நான் வரேன். கடைக்கு ஆள் வந்திருப்பாங்க. நல்லா... நல்லா சாப்பிடுங்க தம்பி.

அண்ணன்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு. மாத்திரையா, மிட்டாயா?

தங்கை: அவங்களுக்கு ஞாபக மறதி.

அண்ணன்: கண்ணைத் துடைச்சுக்கிட்டே வாசப்படி எறங்கறாங்க. மறதிக்கு அழுவாங்களா?

தங்கை: எள்ளு புகைதான். எனக்குக் கூட எரியுது.

அண்ணன்: எள்ளு இன்னும் துள்ளவே இல்லையே. ஏது புகை?

தங்கை: ...துள்ளுது. இந்தா, எறக்கிட்டேன்.

அண்ணன்: சட்டியை மடியில வச்சுக்கிட்டு அரை. சுத்திச் சுத்தி. மாவாக்கிடாத. பாதி எள்ளு நொறுங்கினா போதும், மீதி அப்படியே பல்லுல படணும்... சர்க்கரை ஒரு கரண்டி. சோயா சாஸ் கொஞ்சம்.

தங்கை: கெட்டியா இருக்கே?

அண்ணன்: அப்படித்தான் இருக்கணும். ஆமா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன கூட்டம்!

தங்கை: எள்ளு போட்டா கீழ விழாது. எதுக்கு இப்ப அது?

அண்ணன்: அத்தனை கூட்டத்துல உன்னை மட்டும் உள்ள கூப்பிட்டு டாக்டர் கதவைச் சாத்தினார். மாத்திரை மாத்தறதைச் சொல்ல எதுக்குக் கதவைச் சாத்தணும்?

தங்கை: வெளியில ஒரே சத்தம். அதான்.

அண்ணன்: வெளிய வந்து நேரா என்னைக் கேட்ட, உனக்கு என்ன சாப்பிடணும்போல இருக்குன்னு.

தங்கை: பசி நேரம். கேட்டேன். நீயும் யோசிக்காமயே இந்த எள்ளுக் கீரையைச் சொன்ன. பாவம், ஒன்பது வருஷம் நாக்கைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கன்னு நெனைச்சேன்... கலந்துடவா?

அண்ணன்: உக்காந்து கையில கிண்ணத்தை எடுக்கறப்பதான் கலக்கணும். முன்னாடியே கலந்தா தண்ணி விட்டுடும். முதல்ல கீரையை வெட்டு, விரல் நீளத்துக்கு. இங்க வந்து உக்காரு.

தங்கை: உக்காந்தாச்சு. இந்தா, கலந்தாச்சு. வாயைத் திற.

அண்ணன்: ம்...

தங்கை: எப்படி?

அண்ணன்: வந்துடுச்சுடி. அப்படியே வந்துடுச்சு. சோயா சாஸ் ஒரு சொட்டு தூக்கல். அடுத்த தடவை குறைச்சுக்க.

தங்கை: இன்னொரு வாய்.

அண்ணன்: போதும். நீ சாப்பிடு.

தங்கை: உனக்காகச் செஞ்சது. எனக்கென்ன, நான் கேன்டீன்ல வாரம் தவறாம கீரை திங்கறவ.

அண்ணன்: கேன்டீன்ல கீரை வச்சா அதை ஓரமா ஒதுக்கி வச்சிட்டு எந்திரிச்சிடுவியாம். உன்கூட இஸ்திரி போடறவ எப்பவோ சொல்லிட்டா.

தங்கை: அவளுக்கு வாய் சும்மாவே இருக்காது.

அண்ணன்: மாத்திரை சாப்பிட்டது நான். பத்தியம் இருந்தது நீ.

தங்கை: நீ தின்ன முடியாததை நான் மட்டும் எப்படித் திங்கறது? எறங்கல. விடு அதை.

அண்ணன்: எலி... டாக்டர் உன்னைக் கூப்பிடறதுக்கு முந்தின நாளே என்கிட்ட சொல்லிட்டார்.

தங்கை: என்ன... என்ன சொன்னார்?

அண்ணன்: இனிமே மாத்திரையில பிரயோஜனம் இல்லன்னு. என் தங்கச்சிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க, எனக்கு வாய் வராதுன்னு நான்தான் அவரைக் கேட்டுக்கிட்டேன்.

தங்கை: பக்குவமாத்தான் சொன்னார்... ஆசைப்பட்டதையெல்லாம் குடுங்கன்னார். அதைக் கேட்டுட்டு வந்து நான் உன்கிட்ட சிரிச்சேன். நீயும் சிரிச்சியே, பாவி.

அண்ணன்: நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன். அழாத. எள்ளுல உப்பு கூடிடும்.

தங்கை: அப்ப சாப்பிடேன்! எல்லாம் தெரியும்ல? உனக்குப் புடிச்சதுன்னுதானே இத்தனை பாடுபட்டுச் செஞ்சேன். இன்னும் ஒரே ஒரு வாய்...

அண்ணன்: எனக்குக் கீரை என்னிக்குடி புடிச்சுது? வால்வுக்கு முன்னாடியே தொண்டையில எறங்காது. ஓட்டல்ல ஷிப்ட் முடிஞ்சு சலவைக்கூடத்துக்கு இந்த எள்ளுக் கீரையைக் கொண்டு வருவேனே, என் பங்கையும் சேத்துதான் உன் கிண்ணத்துல வச்சேன். உனக்குத்தான் இதுன்னா உசுரு. செய்யத் தெரியாது, கடையில கெடைக்காது, அதான் இதைக் கேட்டேன். இனிமே இந்த வீட்டுல கீரை ஆகும்... சாப்பிடு எலி, தண்ணி விட்டுடப் போகுது.