ஓரம் சீவும் கத்தி

ஓய்வு பெற்ற பிறகு தோலில் ஒரு பர்ஸாவது சொந்தக் கையால் தைத்துப் பார்க்க வேண்டும் என்று உள்ளே வந்ததும் சொன்னீர்கள். பேச்சுக்குச் சொன்னீர்களோ என்னவோ. விசாரணைக்கு வருகிறவர்கள் இப்படி எதையாவது சொல்லித்தான் எதிரில் இருப்பவனை இளக்குவார்கள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். முதல் காரியம், கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிற மலிவு கருவிகளை வாங்காதீர்கள். அதில் பாதி எதற்கென்று விற்கிறவனுக்கே தெரியாது.

உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நல்ல கத்தி, இரும்பு அளவுகோல், ஒரே இடைவெளியில் துளை போடுகிற முள், ரப்பர் சுத்தி, மெழுகு பூசிய நூல், முனை மழுங்கிய இரண்டு ஊசி. ஏன் இரண்டு என்றால், ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாக விட்டுத் தைக்க வேண்டும். மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் பிரிந்துகொண்டு வரும். இதில் ஒன்று அறுந்தால் மற்றது விடாது. ஒவ்வொரு முறையும் ஒரே பலத்தில் இழுங்கள். கோபத்தோடு உட்கார்ந்தால் தையல் காட்டிக்கொடுத்துவிடும். நான் கோபத்தோடு உட்கார்ந்ததே இல்லை.

இந்தப் பின்னறையைப் பார்க்கிறீர்கள். வெளிச்சம் இடப்பக்கம் வருகிற மாதிரி மேசை போட்டிருக்கிறேன். மேசை மேல் பளிங்குக் கல், சுவரில் ஆணி அடித்துக் கருவிகள். அலுவலகத்தில் நான் கோப்பு தள்ளுகிறவன். அங்கே என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வீட்டிலும் பெரிதாகக் கேட்டுவிட மாட்டார்கள். ஆனால் சொந்தத்தில் யாருக்குப் பெல்ட் அறுந்தாலும் பை கிழிந்தாலும் இந்த அறைக்குத்தான் வருவார்கள். "கைன்னா அது உங்க கைதான்" என்பார்கள். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் மனைவியின் தம்பி பல் டாக்டர் என்பது உங்களுக்குத் தெரியும். அவனைப் பார்த்துவிட்டுத்தானே இங்கே வந்திருக்கிறீர்கள். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, பொழுதுபோக்காக எதையாவது கற்றுக்கொடுங்கள் மாமா என்றான். கற்றுக்கொடுத்தேன். ஒளிவுமறைவில்லாமல்தான் கொடுத்தேன். தோலின் முதுகுப் பகுதி கெட்டி, வயிற்றுப் பகுதி இழுபடும், வாருக்கு வயிற்றுத் தோலை வெட்டாதே என்பதிலிருந்து எல்லாம். அளவுகோலை வைத்து ஒரே மூச்சில் வெட்டாதே, லேசாக மூன்று முறை கத்தியை ஓட்டு என்றேன். ஓரத்தை ஈரப்படுத்தி மரக்கட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வித்தை எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. அவனுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அதிலும் எனக்கு ஒன்றுமில்லை. திறமை இருக்கிறவனுக்கு வரத்தான் செய்யும். ஆனால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "மாமா தைக்கிற பர்ஸ்ல ஒரு வசதி, உள்ள போன பணம் வெளிய வரவே வராது" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதன் பிறகு சொந்தக்காரர்கள் இந்த அறைக்கு வருவதற்குப் பதிலாக அவன் கிளினிக்குக்குப் போக ஆரம்பித்தார்கள். பல்லையும் காட்டிவிட்டு, பெல்ட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தார்கள்.

கல்யாண நாளுக்கு என் மனைவிக்கு ஒரு தோள்பை தைத்துக் கொடுத்திருந்தேன். நாலு வருஷம் அதைத்தான் மாட்டிக்கொண்டு போனாள். ஒரு நாள் காலையில், சாப்பாட்டு மேசையில் அதைக் கவிழ்த்து, சாவி, சீப்பு, மாத்திரை எல்லாவற்றையும் தம்பி கொடுத்த புதுப் பைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி தச்சது தோள்ல உறுத்தவே இல்லைங்க" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். என் பையை எறியவும் இல்லை, அதில் வெங்காயம் போட்டுச் சமையலறைக் கதவில் மாட்டினாள்.

எனக்கு அவன் மேல் வெறுப்பு வந்தது. அதை மூடி மறைக்க என்ன இருக்கிறது. அவன் சிரிக்கிற சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இங்கேதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. தோல் வேலையில் தையலைவிடக் கத்தி தீட்டுவதுதான் பெரிய வேலை. கல்லில் தீட்டி, பிறகு மெருகுப் பசை தடவிய தோல்பட்டையில் பின்பக்கமாக இழுத்து இழுத்துப் பதம் ஏற்ற வேண்டும். மச்சினனுக்கு அது மட்டும் வரவில்லை. மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பிளேடு எடுக்கிற தொழில் அவனுடையது. அதனால் வாராவாரம் தன் கத்திகளை என்னிடம் கொடுத்துவிடுவான். நான் தீட்டித் தருவேன். ஊரெல்லாம் புகழ்ந்த அந்தக் கைக்குப் பின்னால் என் தீட்டல் இருந்தது. அதை அவன் ஒரு இடத்திலும் சொன்னதில்லை.

பட்டையில் இழுக்கும்போது கத்தியைப் படிய வைக்க வேண்டும். கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுத்தால் கூர் உருண்டுவிடும். ஆனால் பளபளப்பு கூடும். முகம் பார்க்கலாம், தாளை வெட்ட முடியாது. அனுபவசாலிகள் நகத்தில் வைத்துப் பார்ப்பார்கள். புதியவர்கள் மினுமினுப்பைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். நான் தூக்கிப் பிடித்து இழுத்தேன். அவன் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது மாமா என்றான். எனக்கு முதல் தடவையாக அவன் வாயிலிருந்து வந்த பாராட்டு அது.

இரண்டு தோலைச் சேர்த்துத் தைப்பதற்கு முன் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். கத்தியை உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும். தோலைப் பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதை நான் அவனுக்கு முதல் நாளே சொன்னேன், அவனும் ஒழுங்காகத்தான் செய்துவந்தான். ஆனால் கத்தி மழுங்கிவிட்டால் தோல் சீவப்படாது, சுருண்டு முன்னால் ஓடும். ஓடுகிற தோலைப் பிடிக்கக் கை தானாக முன்னால் போய்விடும். வலது கை பலமாகத் தள்ள ஆரம்பிக்கும். மழுங்கிய கத்தி தோலில் நிற்காது, வழுக்கும். கூரான கத்தியைக் கண்டு பயப்படுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள்.

அன்றைக்கு அவன் இந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு பெரிய மனிதருக்குக் கைப்பை தைத்துக்கொண்டிருந்தான். தோல் ரொம்பக் கெட்டியாக இருக்கிறதே மாமா என்றான். நான் எழுந்துகூடப் போகவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டு நல்லா அழுத்து" என்றேன். ஆமாம், சொன்னேன். முதல் நாள் சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னேன். படித்தவன், நாள் முழுக்கக் கூரான சாமான்களோடு புழங்குகிறவன், யோசித்திருக்க வேண்டாமா.

இடது கைக் கட்டைவிரலின் அடியில் இறங்கியது. நரம்பும் தசைநாரும் போய்விட்டன. அவன் அலறவில்லை. கையைத் தூக்கிப் பார்த்து, விரலை மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை. டாக்டர் இல்லையா, அந்த நிமிஷமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டான். அவள் ஓடிவந்து துண்டைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். நான் மேசையைத் துடைத்துவிட்டுக் கத்தியைக் கல்லில் வைத்து, முறையாக, படிய வைத்துத் தீட்டினேன். உங்கள் ஆட்கள் எடுத்துப்போய்ப் பார்த்தபோது மயிரைச் சிரைக்கிற பதத்தில் இருந்தது. அதனால்தான் அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இடது கைதானே, வலது கை நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். முன்பு ஒரு நாள் சாப்பிடும்போது அவனே சொன்னான். பல் வேலையில் வலது கை வேலைக்காரன், பார்க்கிறது இடது கைதான் என்று. சின்னக் கண்ணாடியைப் பிடிப்பது, கன்னத்தை விலக்குவது எல்லாம் இடது கட்டைவிரலை நம்பித்தான். அதை நான் மறக்கவில்லை. இப்போது கிளினிக்கைப் பூட்டிவிட்டான்.

என் மனைவி இதையெல்லாம் விபத்து என்றுதான் நம்பியிருந்தாள். அவனும் நம்பினான். "என் தப்புதான் மாமா, முன்னாடி கை வச்சிட்டேன்" என்று கட்டோடு படுத்துக்கொண்டு என்னைத் தேற்றினான். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அதிலும் அவன்தான் நல்லவனாக வேண்டுமா.

விரல் தளர்ந்து தொங்காமல் தாங்கிப் பிடிக்க ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். வேர்த்துக் கொட்டும், அசிங்கமான சாமான். நான் தோலில் ஒன்று தைத்து எடுத்துப்போனேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. தோலை நனைத்து, கை வடிவக் கட்டையில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவிட்டு, எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிட்டு, ஓரம் அடுக்கடுக்காக மெழுகேற்றித் தேய்த்தது. அவன் கைக்கு அப்படிப் பொருந்தியது. என் மனைவி அதைப் பார்த்து அழுதாள். உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்றாள்.

அவனோ வலது கையால் அதன் ஓரத்தை நெருடிப் பார்த்தான். உள்பக்கத்தை மோந்து பார்த்தான். நான் கற்றுக்கொடுத்த பிள்ளை அல்லவா, வேலை தெரியும். கட்டு போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மெல்லக் கேட்டான்.

"மாமா, இது ஊறிக் காய எத்தனை நாள் ஆச்சு?"

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நாலே நாளில் அவசரமாக முடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சந்தேகப்பட்டிருப்பான், அவள் அவனை அடக்கியிருப்பாள். நீங்களும் இன்று இந்த அறைக்கு வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தத் தையலைப் பார்த்தவன் யாரும் அதை நாலு நாள் வேலை என்று நம்பக் கூடாது. மூன்று வாரம் என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கத்தியை மழுக்கியது நான், கையை முன்னால் வைக்கச் சொன்னது நான், கை போவதற்கு முன்பே அந்தக் கைக்கு உறை தைத்து வைத்தவனும் நான். அதைக் கோர்ட்டில் காட்டுவீர்கள் இல்லையா. காட்டும்போது தையல் பக்கம் மேலே இருக்கிற மாதிரி வையுங்கள்.