ஊதாக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஊதாச் சாயம் மரப்பட்டையில் காய அரை நாள் ஆகும். அவசரப்பட்டுத் தொட்டால் கையோடு வந்துவிடும். எங்கள் மிசௌரி மாநிலத்தில் மரத்தில் ஊதாக் கோடு இருந்தால் உள்ளே வராதே என்று பொருள். பலகை வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்ற எனக்கு அது பிடித்த சட்டம்.

என் வீட்டை ஒட்டிய எண்பது ஏக்கரில் முப்பத்தோரு வருஷம் வேலி கட்டினேன், வைக்கோல் ஏற்றினேன். மான் வேட்டைப் பருவம் வந்தால் அங்கேயே சுட்டுக்கொள் என்று பழைய முதலாளி ரிடில் சொல்லியிருந்தார். குளிர்காலம் முழுக்க என் வீட்டில் அந்த இறைச்சிதான். அவர் இறந்ததும் மகள் நிலத்தை செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல் மருத்துவர் பிரெஸ்காட்டுக்கு விற்றாள். வேட்டைக்கென்றே வாங்கினார்.

கெட்டவர் இல்லை. சாய டப்பாவை என்னிடமே கொடுத்தார்.

“ஓடிஸ், எல்லை முழுக்க நீயே அடிச்சிடு. முடிச்சதும் நீயும் வெளியாளுதான், தெரியுமில்ல?”

“வீட்டுக்கு ஒரு மான் மட்டும், டாக்டர்?”

“கடையில மாட்டுக்கறி விக்கிறாங்கப்பா. உள்ள காலை வெச்சே, ஷெரிப்பைக் கூப்பிட்டுடுவேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஓடையோர மரத்தில் உயரக் கட்டிய வேட்டைப் பரணைக் காட்டி, “இது ஆளைத் தாங்குமா?” என்றார்.

“போன வருஷம் நான் அதுலதான் உக்காந்தேன்.”

அதில் பொய் இல்லை. பரணை மரத்தோடு இறுக்கும் வாரை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும், அணில் கடித்துவிடும். இங்கே பிறந்த எவனுக்கும் தெரியும். நிலத்தோடு பரணும் வந்துவிட்டதாக நினைத்து ஏறுவது நகரத்துக்காரர்கள்தான். வார் பாதிக்கு மேல் கடிபட்டிருந்ததைச் சாயம் அடிக்கும்போதே பார்த்தேன். அவர் வாரைப் பற்றிக் கேட்கவில்லை.

பருவத்தின் முதல் சனிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில் கூப்பிடும் சத்தம் கேட்டது. கோடு வரை நடந்தேன். அறுபது தப்படி தள்ளி, பரணுக்குக் கீழே, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையோடு டாக்டர் கிடந்தார்.

“ஓடிஸ், கால் ரெண்டும் அசையல. போன்ல சிக்னல் இல்ல. யாரையாவது கூட்டிட்டு வா.”

“உள்ள வரலாமா, டாக்டர்?”

“என்னய்யா கேக்குற, வாய்யா.”

வலியில் ஒரு மனிதர் சொல்வதை அனுமதி என்று எடுத்துக்கொள்வது முறையில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் வேறு. இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

வீட்டுக்குப் போய் நாற்காலியும் கம்பளியும் காபியும் எடுத்து வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். முதலில் திட்டினார். அப்புறம் மனைவி பேரைச் சொன்னார். மறுநாள் தண்ணீர் கேட்டார். மான்கள் பக்கத்தில் வந்து போயின; நான் துப்பாக்கியைத் தொடவில்லை. ஞாயிறு மதியம் சத்தம் நின்றது.

வீட்டில் தொலைபேசி இருந்ததே என்று கேட்கிறீர்கள், ஷெரிப் ஐயா. இருந்தது. ஆனால் அந்த நிலைமையில் ஒரு மனிதரைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.