புனேயில் இருக்கும் மகன்

ஹலோ... ஆமா, விலாஸ் காவண்டேதான்... பேங்க்ல இருந்தா? மேடம், லோன் கீன் ஒண்ணும் வேணாம். மொட்டை மாடியில நிக்கறேன். வெயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்திருக்கான், பக்கத்துலயே நின்னாத்தான் ரெண்டாவது கோட் ஒழுங்கா அடிப்பான். அப்புறமா...

என்னது?... ரகுநாத் காவண்டே... ஆமா, என் அப்பாதான், எங்க பாபா. அவர் போன்ல இருந்தா என் நம்பரை எடுத்தீங்க? அவருக்கு என்ன ஆச்சு?

மயக்கமா?... ம்... ம்... வெயில்ல நடந்து வந்து, உள்ள நுழைஞ்சதுமா... தண்ணி குடுத்தீங்களா... இப்ப எழுந்து உக்காந்துட்டாரா? அப்பாடா... ரொம்ப நன்றி மேடம். ஆனா அவர்தானா? எங்க பாபா இந்நேரம் மாருதி கோயில்லதான இருப்பார். சாப்பிட்டதும் அங்க போறேன்னுதான் கிளம்புவார்... தலையில துண்டு, சட்டைப் பையில வெங்காயமா?... சரி, சரி, அவர்தான். பையில வெங்காயம் இருந்தா அனல் அண்டாதுன்னு நம்பிக்கை, அது இல்லாம வாசல் தாண்ட மாட்டார்.

தினமுமா?

டோக்கன் எடுப்பாரா... நம்பர் கூப்பிட்டா?... அவசரமா இருக்கிறவங்களுக்குக் குடுத்துட்டு, மறுபடி புது டோக்கனா... சாயங்காலம் வரைக்குமா...

இல்ல, கேக்குது. கேக்குது மேடம்.

ஏசிக்குத்தான் வர்றேன்னு அவரே சொன்னாரா?... வாட்ச்மேன் சொன்னாரா... ம்.

மகன் எங்க இருக்கறதா சொன்னார்?... புனேயிலயா?... நானா?

ஆமா... ஆமா மேடம். புனேலதான்... வேலை விஷயமா.

ஆமா, தனியாத்தான் விட்டிருக்கேன்... தப்புதான்... ஆமா, வயசானவர்தான்... ஒரு கூலராவது வாங்கி வச்சிருக்கலாம்தான்...

இருந்துச்சு மேடம். ஹால் ஜன்னல்ல கூலர் இருந்துச்சு. ஹோலி முடிஞ்சா அவரே வெட்டிவேர்த் தட்டி மாத்தி, தண்ணி ரொப்பி வைப்பார். இந்த வருஷம் பெட்ரூம்ல ஏசி வச்சோம். ஹாலுக்குப் புது சோபா வந்துச்சு. ஈரத்துல சுவத்துப் பெயிண்ட் உப்பிரும்னு கூலரைத் தூக்கிக் காயலான் கடையில போட்டேன்... ஏசி ரூம்ல வந்து படுங்கன்னு சொன்னோம் மேடம், சொல்லாம இல்ல. நாக்பூர்ல பொறந்தவனுக்கு என்னடா வெயில்னு சிரிச்சார். நானும் விட்டுட்டேன். மருமக வர்ஷா இருக்கிற ரூம். எந்நேரமும் கதவு சாத்தியிருக்கும். அவர் எப்படி வந்து தட்டுவார்? இது எனக்குத் தோண வேணாமா?

எந்த ஊர் பெட்ரூமா?...

மேடம்... போனை அவர்கிட்ட குடுங்க. ஒரு நிமிஷம்... குடுங்க.

பாபா... நான்தான்.

புனேல வெயில் எப்படியா?... எதுக்கு பாபா இப்படி... எல்லாரும் பக்கத்துல நிக்கறாங்களா?... சரி... சரி. இங்க வெயில் அவ்வளவா இல்ல பாபா... சாப்பிட்டேன்... வர்ஷாவும் நல்லா இருக்கா...

கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க... வந்துட்டீங்களா? ஏன் பாபா அப்படிச் சொன்னீங்க?... ம்... ம்... வீட்டுல ஏசி வச்சுக்கிட்டு அப்பனை பேங்க்ல உக்கார வச்சிருக்கான்னு என்னைத்தான் காறித் துப்புவாங்கன்னா?

துப்பட்டும் பாபா. அதுல என்ன தப்பு? மாடி சுடக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் சுண்ணாம்பு அடிச்சிட்டிருக்கேன். கீழ நீங்க இல்லங்கறதே எனக்குத் தெரியல. வெக்கமா இருக்கு பாபா. அந்த அம்மா கேக்கக் கேக்க நானும் புனேன்னு சொன்னேன் பாருங்க, அது இன்னும் கேவலம்.

அழல... இல்ல, அழல. சுண்ணாம்பு கண்ணுல பட்டுச்சு.

அங்கயே இருங்க, வர்றேன்... நாளைக்கு வர்றதா சொல்லணுமா? எதுக்கு?... புனேல இருந்து பஸ் ராத்திரிக்குத்தான்னு சொல்லிட்டீங்களா... பஸ்ஸெல்லாம் வேணாம் பாபா. நம்ம வீடு பின்சந்துலதான், செருப்பு மாட்டினா வந்துருவான்னு அந்த மேடம்கிட்ட சொல்லுங்க... சொல்ல மாட்டீங்களா?... அப்ப நானே வந்து சொல்றேன். கவுண்டர் முன்னால நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி...

பாபா?... பாபா, வைக்காதீங்க... ஹலோ?