நாலு மணிக் காற்று

"ஹலோ... ஹலோ, ஷைனி... கேக்குதா? ... ஆங், மாடில கீறேன். மொட்ட மாடி. ... எந்த மாடியா? நம்ம மாடிதான்! ... சரி, சரி... இன்னும் நம்மது ஆவல. ஒத்துக்கறேன். வாய் தவறிச்சி."

வாய் ஒன்றும் தவறவில்லை. எர்ணாவூரில் அந்த நாலு மாடிக் கட்டடத்தைப் பார்த்த நாளிலிருந்து ஆன்றோவுக்கு அது 'நம்ம' வீடுதான். மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த வாசல், ஹால், ஒரு படுக்கையறை, எட்டிப் பார்த்தால் கடல். துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை அவனுக்கு. முப்பது டன் கன்டெய்னர் பெட்டி ஒன்று அந்தரத்தில் ஆடிக்கொண்டு வரும்போது, அவன் விரலை இப்படி அசைத்தால் அது அப்படியே லாரி மேல் பூப்போல உட்காரும். அதே விரலை அவன் வீட்டில் அசைத்தால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நகராது.

சட்டைப் பையில் முன்பணக் கவர் இருந்தது. கீழே டீக்கடையில் புரோக்கர் பக்தவச்சலம் இருந்தார். பன்னிரண்டு மணிக்குள் கவர் கை மாறாவிட்டால், வந்துகொண்டிருக்கும் இன்னொரு பார்ட்டிக்கு வீடு போய்விடும். இப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. மனைவி ஷைனி 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராயபுரத்தில் மருந்துக் கடை கவுண்டரில் நின்றிருந்த அவள், அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா... ஆமா... கலீஜான ஏரியாதான், யார் இல்லன்னா? நாம இப்ப கீற சந்து இன்னா பூங்காவா? ... மெட்ரோ வந்துடுச்சி. ரோடு போட்டுகினு கீறாங்கோ. ... அஞ்சு வருசமா போட்டுகினுதான் கீறாங்கோ, ஆனா இப்ப மெய்யாலுமே போட்றாங்கோ. தார மிதிச்சிட்டேன், செருப்பு கோவிந்தா. ... சிரிக்க மாட்டியா? சரி. ... அடுத்த வருசம் வந்து கேட்டா இந்த வெலைக்கு இங்க கக்கூஸ்கூட கெடைக்காது ஷைனி. ... கஸ்டமரா? பாரு, பாரு. நான் லைன்லயே கீறேன்."

யாரோ இருமல் மருந்து கேட்டார்கள் போலிருக்கிறது. காத்திருந்த நேரத்தில் ஆன்றோ கைப்பிடிச் சுவரோரமாக நடந்தான். ராயபுரத்தில் அவர்கள் இருக்கிற அறையை ஜூனுக்குள் காலி செய்ய வேண்டும்; இடித்துக் கட்டப் போகிறார்கள். பதினொரு வருடமாக அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விட்டதில்லை. கல்யாணத்துக்கு வந்த இயேசு படம் இன்றுவரை ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்தபடிதான் நிற்கிறது. ஃபிரிட்ஜ் ஓடும்போதெல்லாம் அவரும் சேர்ந்து நடுங்குவார். போன வாரம் ஆன்றோ சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைப் பக்கம் போனவன் சும்மா இருக்காமல் இரண்டங்குல ஆணி ஒன்று வாங்கிவிட்டான். அது இப்போது கவருக்குப் பக்கத்தில் இருந்தது. ஷைனிக்குத் தெரியாது.

"ஹலோ... சொல்லு. ... ஷெர்லினுக்கா? அய்ய, நானும் அதத்தானே சொல்றேன், பாப்பாவுக்காவத்தானே இத்தினியும்! ஜன்னலே இல்லாத ரூமு, செவுரு பூரா ஓதம், ராத்திரில அது இஸ்து இஸ்து மூச்சு வுட்றத நீ மட்டுமா கேக்குற? காத்தோட்டமா ஒரு வூடு பாருங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? ... ம். ... இங்க காத்துன்னா அப்டி ஒரு காத்து. மூணு வாட்டி வந்து பாத்தேன், மூணு வாட்டியும் சட்டைய கழட்டிகினு பூடும் போல. ... எப்பவா? சாயங்காலம்தான். நாலு மணிக்கு. ... மூணு வாட்டியும் நாலு மணிதான், அந்த புரோக்கருக்கு அப்பதான் டைம் கெடைக்குமாம். ஏன்?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான். 

"இன்னா... துணியா? எந்த துணி? ... மாடில யார்னா துணி காயப்போட்டு கீறாங்களானு பாக்கணுமா? ... தாயே, வூடு வாங்க வந்தவன அடுத்தவன் பனியன எண்ணச் சொல்றியே! ... சரி, கோவிச்சிக்காத. பாக்கறேன்."

ஆன்றோ திரும்பிப் பார்த்தான்.

கட்டடத்தில் பதினாறு குடும்பங்கள். மாடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எட்டு வரிசை நைலான் கயிறு. கயிறு நெடுக கிளிப்புகள் குருவிபோல உட்கார்ந்திருந்தன. தலைக்கு மேல் ஏப்ரல் வெயில், தோலை உரிக்கிற வெயில். ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"...இல்ல. ... ஒண்ணுகூட இல்ல. ... தெரியல. இன்னிக்கு யாரும் குளிக்கல போல."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. அவனுக்கே அந்த நகைச்சுவை கயிற்றில் தொங்கவிடப்பட்டு ஆடுகிறமாதிரிதான் இருந்தது.

"எத தொட்டு பாக்கணும்? ... கைப்பிடி செவுத்துலயா? ... இரு. ... ... தொட்டேன். ... இன்னா கலரா? ... ஒரு மாதிரி... இந்த சாம்பல் புதன்ல ஃபாதர் நெத்தில வெப்பாரே, அந்த கலரு. ... ஆமா. ... வெரல் பூரா. ... ஆமான்றேன்ல."

அப்போதுதான் அவன் மூக்கு வேலைக்கு வந்தது. தீய்ந்ததும் புளித்ததும் கலந்த ஒரு நெடி. முதலில் அவன் தன் செருப்புத் தாரைத்தான் சந்தேகப்பட்டான். மேற்கே, கட்டடங்களுக்குப் பின்னால், நாலைந்து புகைபோக்கிகள். அவை நேற்று முளைத்தவை அல்ல. மூன்று முறை வந்தபோதும் அங்கேதான் நின்றிருக்கும். அவன்தான் மூன்று முறையும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒரு காலிப் பெட்டியைக்கூடத் தூக்கவிடாதவன், பிள்ளையைக் குடிவைக்கிற இடத்தில் அதைப் பார்க்கவில்லை.

கீழிருந்து பக்தவச்சலத்தின் விசில் சத்தம் வந்தது.

"ஷைனி, ஒரு நிமிசம்... இன்னா நைனா? ... தோ வந்துட்டேன்! பொஞ்சாதியாண்ட பேசினு கீறேன்! ... அவங்க வந்தா வரட்டும், நீ டீ வாங்கிக் குடு! ... ஹலோ, ஷைனி. அந்த பார்ட்டி கார்ல வந்துகினு கீறாங்களாம். டோல்கேட்டு தாண்டிட்டாங்களாம். ... நான் பதற்றப்படல. குரலே இப்டித்தான். ... நீ ஒண்ணு சொல்லு. வேணும்னு சொல்லு, இல்ல வேணான்னு சொல்லு, இந்த நடுவுல நிக்கிறதுதான் பேஜாரா கீது. ... ஜூன்ல எங்க போறது, அத சொல்லு! ... நான் கத்தல. ... சரி, கத்திட்டேன். சாரி."

மணி பதினொன்று ஐம்பது. மாடித் தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு இரும்புக் கம்பியில் யாரோ சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய ரிப்பன். அது கிழக்கே நீண்டு கிடந்தது. ஆன்றோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தொய்ந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல மெல்ல எழுந்து மேற்கே திரும்பியது. கடலிலிருந்து அவன் கழுத்தில் ஜில்லென்று ஒன்று பட்டது.

அவ்வளவுதான். கீழே ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. படிக்கட்டில் பக்கெட்டுகள் இடித்துக்கொள்ளும் சத்தம்.

"ஷைனி... இங்க இன்னாவோ நடக்குது. ... அல்லாரும் பக்கெட்டோட மேல வர்றாங்கோ. ... ரெண்டு பேரு... மூணு... தோ இன்னொருத்தங்கோ. ... நான் ஒண்ணும் பண்ணல, ஓரமாத்தான் நிக்கிறேன். ... இரு, கேக்கறேன். அக்கா... அக்கா, இந்நேரத்துக்கு மேல எதுக்குக்கா துணி...? ... ஓ. ... ஓஹோ. ... ஷைனி, கடல்காத்து வந்தாத்தான் காயப்போடுவாங்களாம். காலைல போட்டா துணி கறுத்துடுமாம். தோ அந்த ரிப்பன பாத்துட்டுதான் வருவாங்களாம். ... ஆமா. தெனமும். ... யாரு, அந்தக்காவா? நம்ம எதிர் வூடாம். சாரி, அந்த வூட்டுக்கு எதிர் வூடு. அஜீசுன்னிசா அக்கா. ... போனா? அவங்களாண்டயா? இன்னா கேக்கப் போற? ... சரி, சரி, குடுக்கறேன்."

போனைக் கொடுத்துவிட்டு ஆன்றோ வெறுங்கையோடு நின்றான். இத்தனை நேரம் ஷைனி பேசுவது அவனுக்கு மட்டும் கேட்டது. இப்போது அதுவும் இல்லை. ஈரச் சுடிதார் ஒன்றை உதறியபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டு அஜீசுன்னிசா பேசினார்.

"சொல்லும்மா. ... ஆமா, எதிர் வீடுதான். ... பதிமூணு வருசமாச்சு. ... நல்ல சனங்கதாம்மா, ஒரு சண்ட கெடையாது. தண்ணி வருது. ... ஆமா, காலைல ஜன்னல சாத்திருவோம், காத்து திரும்பினா தொறப்போம். அதெல்லாம் பழகிரும். ... எனக்கா? மூணு பசங்க. ... ம். ... ம். ... பெரியவனுக்கு இழுப்பு இருந்துச்சு. சின்னதுல ரொம்ப கஷ்டப்பட்டான். ... இப்ப இல்லம்மா. சுத்தமா நின்னுருச்சு."

ஆன்றோ நிமிர்ந்தான். நெஞ்சில் ஏதோ ஒரு கொக்கி கழன்றதுபோல இருந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கவர் இருந்தது. ஆணி இருந்தது. மணி பதினொன்று ஐம்பத்தாறு, ஓடினால் போதும்.

அஜீசுன்னிசா ஒரு கிளிப்பை எடுத்துச் சுடிதாரில் மாட்டினார்.

"...மருந்தெல்லாம் இல்லம்மா. ஆம்பூர்ல எங்கம்மா வீட்ல விட்டுட்டோம். அங்க போய் ஒரே மாசம். ... ஆமா. ஏழு வருசமா அங்கதான் படிக்கிறான். ... பெருநாளைக்கு வருவான், ரெண்டு நாள் இருப்பான். ... மத்த ரெண்டுக்கும் ஒண்ணும் இல்ல, நல்லா இருக்குதுங்க. ... ... என்னம்மா கேட்ட? ... இல்ல. காத்து பழகிருச்சு, ஜன்னல சாத்தி வெக்கறது பழகிருச்சு. அவன் இல்லாதது மட்டும் பழகல."

சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாதவர்போல, போனை முந்தானையில் துடைத்து அவனிடம் நீட்டினார். அடுத்த துணியை எடுக்கக் குனிந்தார்.

"ஹலோ. ... ஷைனி? ... கீறியா? ... ம். கேட்டேன். பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். ... ... என் இஷ்டமா? இது இன்னா புதுசா! பதினோரு வருசத்துல ஒரு கத்திரிக்கா வாங்குறதுக்குக்கூட என் இஷ்டத்த கேட்டதில்ல நீ. ... ... தெரியும். நீ வேணான்னு சொன்னா அது என் மனசுலயே நிக்கும்னு பாக்குற. ... தெரியும் ஷைனி."

கீழே ஒரு கார் வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம் இரண்டு முறை கேட்டது.

"வேணாம். ... ஆமா, நான்தான் சொல்றேன். வேணாம். ... கவரு ஜோபுலதான் கீது, குடுக்கல. ... ... ஒரு ஆணியும் கீது. ... ஆணி. செவுத்துல அட்ப்பாங்களே, அது. ... போன வாரம் வாங்கினேன். ... அவருக்குத்தான், வேற யாருக்கு? ... பரவால்ல, ஃபிரிட்ஜ் மேலயே இருக்கட்டும். இன்னும் ரவ நாளு நடுங்கட்டும். ... ஏய். ஏய், கவுண்டர்ல நின்னுகினு அழுவாத, மாத்திரைய மாத்தி குட்த்துடப் போற."

அவள் ஏதோ சொன்னாள். ஆன்றோ முகத்தைச் சுளித்தான்.

"எதுக்கு? ... நாளைக்கா? நீயா? ... பாப்பாவ இட்டுகினு காலைல எட்டு மணிக்கு வந்து ஒக்காந்து பாக்கறியா? ... எனக்காவ சொல்லாத. ... என் ஆசைக்காவன்னா வேணாம்னு சொல்றேன். ... சரி. சரி, கேட்டுத்தான் பாக்கறேனே. கேக்கறதுல இன்னா போச்சி."

கைப்பிடிச் சுவரைத் தொடாமல் எட்டிக் குனிந்தான்.

"நைனா! பக்தா நைனா! ... நாளைக்கு எங்க வூட்டம்மா வந்து பாக்கணும்ன்றாங்கோ! அதுவரைக்கும் அந்த பார்ட்டிக்கு குடுக்காம நிறுத்தி வெக்க முடியுமா? ... மெய்யாவா? முடியுமா? ... காலைல! எட்டு மணிக்கு! ... ... இன்னாது? ... ... ஏன், காலைல இன்னா? ... ... சரி நைனா. சரி. தெரிஞ்சிகினேன்."

நிமிர்ந்தான். மாடி முழுக்க இப்போது துணிகள். சட்டை, லுங்கி, பள்ளிச் சீருடை, எல்லாம் வயிறு புடைத்து மேற்கே பறந்துகொண்டிருந்தன. கம்பியில் சிவப்பு ரிப்பன் படபடத்தது. காற்று உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

"ஹலோ. ... கேட்டேன். காலைல வேணாமாம். ... நாலு மணிக்கு வரச் சொல்றாரு ஷைனி. காத்து ஜம்முனு இருக்குமாம்."

 யாரோ கடையில் ஷைனியைக் கூப்பிடுவது போனில் தூரமாகக் கேட்டது.

"...ஆங். தோ எறங்கறேன். ... ஜூனுக்குள்ள வேற பாக்கலாம். ஜன்னல் கீற ரூமா ஒண்ணு, வாடகைக்குத்தான். ... காலைலயே போயி பாக்கலாம், ரிப்பன் எட்துகினு. ... ... நான் எங்க அழுவுறேன்? ... இல்லியே. ... கண்ணுல சாம்பல் வுழுந்துடுச்சின்னு சொல்லலாம்னுதான் பாக்கறேன்... காத்து மாறிப்போச்சி, நீ நம்ப மாட்ட. ... வை. வை ஷைனி, கஸ்டமர பாரு."

அவள் வைக்கவில்லை. அவன்தான் வைத்தான்.