சைலன்சருக்குள் இருந்த துணி

உங்கள் அறை சுத்தமாக இருக்கிறது, டாக்டர். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை, உட்காரும்போதே மேஜையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டேன். நிறையப் பேர் பெருக்கினால் போதும், சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். துடைப்பதே இல்லை.

தம்பி மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பிடித்துத் தள்ளித்தான் நான் உள்ளே வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், நானே வருவதாகத்தான் இருந்தேன். நாளையிலிருந்து தம்பிக்கு ஏதோ பெரிய மாத்திரை ஆரம்பிக்கப் போகிறீர்களாமே. ஆரம்பித்துவிட்டால் லேசில் நிறுத்த முடியாது, ஆளைத் தூங்கி வழிய வைக்கும் என்றும் சொன்னீர்களாம். தலையில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு ஒன்றும் ஞாபகத்தில் நிற்பதில்லை, செய்யாததைச் செய்தேன் என்கிறான் என்று போன தடவை உங்களிடம் சொன்னது நான்தான். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதில் கொஞ்சம் திருத்தம் இருக்கிறது.

எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. இருசக்கர வண்டி வேலை, பாதி இடம் எனக்கு, பாதி அவனுக்கு. என் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஓர் ஆணி உண்டு. அவன் பக்கம் போனால் செருப்பு தரையோடு ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் ஜெட்டின் சின்ன ஓட்டை அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவான். டியூபில் பெட்ரோலை உறிஞ்சி, வாய்க்குள் வந்ததைக் காறித் துப்பிவிட்டு, அதே வாயால் என் டம்ளரில் டீ குடிப்பான். பொறி விடுகிற பிளக்கைக் கழற்றினால் மூக்கில் வைத்து முகருவான், விட்டால் நக்கியும் பார்ப்பான். கையைத் தலைமுடியில்தான் துடைத்துக்கொள்வான். சாப்பாட்டுத் தட்டில் அவனுடைய நகத்தைப் பார்த்துவிட்டு நான் பாதியில் எழுந்து போனது உண்டு. குமட்டிக்கொண்டு வரும். அது குமட்டல் இல்லை, பொறாமை என்கிறாள் தம்பி மனைவி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நான்.

பட்டறைக்கு வருகிறவர்கள் அவனைத்தான் கேட்பார்கள். சின்னவர் இல்லையா என்பார்கள். நான் கை கழுவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். பரவாயில்லை பெரியவரே, அவரே வரட்டும் என்று சொல்லிவிட்டு வாசலில் காத்திருப்பார்கள். அந்த அழுக்குக் கையில் என்னத்தைக் கண்டார்களோ தெரியவில்லை.

அவனுக்கு மண் ரேஸ் பைத்தியம். அதற்கென்றே ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தான். கரடுமுரடான மைதானத்தில் மேட்டிலிருந்து தாவி இறங்கும்போது விழுந்ததும், தலையில் அடிபட்டதும் உங்களுக்குத் தெரியும். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்ச நாளைக்கு மறதி இருக்கலாம், பழகின வேலையைச் செய்யட்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவன் அதைப் பரீட்சையாகவே ஆக்கிக்கொண்டான். நொறுங்கிப்போன அந்த வண்டியின் என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"இதை நானே கட்டி, ஸ்டார்ட் ஆச்சுன்னா என் மண்டை நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆகலைன்னா இனிமே அடுத்தவன் வண்டியில கை வெக்க மாட்டேன். ஒரு நட்டை மறந்தாலும் ஒரு உசுரு போயிடும்."

பிறகு அவள் தனியாக என்னிடம் வந்தாள். வண்டி ஸ்டார்ட் ஆனால் இவர் மறுபடியும் ரேஸுக்குப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது மாமா என்றாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் என் சொந்த ஆசைக்காகச் செய்யவில்லை.

அவன் கட்டிய விதத்தைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் இருப்பதிலேயே கேவலமான தப்பு, என்ஜினுக்குள் துணியை விட்டுவிட்டு மூடுவது. பிரித்துப் போட்டிருக்கும்போது ஸ்குரூ, தூசி எதுவும் உள்ளே விழாமல் இருக்க ஓட்டைகளைத் துணியால் அடைத்து வைப்போம். மூடுகிறபோது மறந்துபோனால் ஊரே சிரிக்கும். அந்தப் பயத்தில் அவன் ஒரு பழைய சிவப்புப் போர்வையைக் கிழித்து, கண்ணில் அடிக்கிற அந்தத் துணியை மட்டுமே வைத்தான். ஒவ்வொன்றையும் உருவும்போது "எடுத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னான். சின்னப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. கேட்கவே அசிங்கமாக இருந்தது எனக்கு.

மத்தியானம் நீங்கள் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவன் படுத்துவிடுவான். முதலில் நான் செய்தது சின்ன வேலை. அவன் மூடி வைத்த பெட்ரோல் டேப்பைத் திறந்து, வண்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். என்ஜின் வயிற்றுக்குள் பெட்ரோல் போய்த் தேங்கிவிட்டது. சாயங்காலம் நான் வண்டியை நிமிர்த்திவிட்டேன். அவன் எழுந்து வந்து உதைத்தான், உதைத்தான், கால் மரத்துப்போகும்வரை உதைத்தான். பிளக்கைக் கழற்றினால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. டேப்பை மூடினேனே, நீங்கள் பார்த்தீர்களா அண்ணே என்று கேட்டான். இல்லையே, திறந்துதான் கிடந்தது என்றேன்.

அடுத்தது பிளக். நுனியில் இடைவெளியைச் சரியாக வைத்து, பேப்பரில் சுற்றி ஜன்னலில் வைத்திருந்தான். அந்த இடைவெளி மூடிக்கொள்ளும்படி ஒரு தட்டுத் தட்டி மறுபடி சுற்றி வைத்தேன். பொறி வரவில்லை. எடுத்துப் பார்த்தான். இடைவெளி வைத்தது நேற்றா, இல்லை வைக்கவேண்டும் என்று நினைத்தது நேற்றா என்று அவனே குழம்ப ஆரம்பித்தான். நான் உச்சுக்கொட்டினேன், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும், டாக்டர். வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கு ஒழுக, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், உள்ளங்கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டே இருப்பான். கரி நெற்றியெல்லாம் அப்பிக்கொள்ளும். பெற்ற தாய்க்கே பார்க்கப் பிடிக்காது. அதோடு விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டிருந்தால் மறுநாளே கிளப்பியிருப்பான். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டான்.

அதனால்தான் துணி. அந்த வண்டியின் சைலன்சரை இரண்டு ஸ்பிரிங்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கொக்கியால் இழுத்தால் கையோடு வந்துவிடும். அவன் தூக்கிப் போட்ட சிவப்புத் துணிகளில் ஒன்றை எடுத்து, என்ஜினில் புகை வெளியே வருகிற ஓட்டைக்குள் திணித்து, பழையபடி மாட்டினேன். அதற்குப் பிறகு உள்ளே போவது வெளியே வர வழியில்லை, எவன் உதைத்தாலும் கிளம்பாது. அவன் பொறியைப் பார்த்தான், பெட்ரோலைப் பார்த்தான், கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்தான். கடைசியில் ஒருநாள் சைலன்சரைக் கழற்றினான்.

கருப்பும் சிவப்புமாக, சாக்கடையிலிருந்து எடுத்ததுபோல ஒழுகிக்கொண்டு வந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் பக்கத்துக்கு வந்தான். என் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அண்ணே, எடுத்தாச்சுன்னு சொன்னேனே. என் காதுல கேட்டுச்சே. உங்களுக்கும் கேட்டுச்சுதானே?"

"சொன்னே," என்றேன். "எடுக்கல."

அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டான். என் பக்கத்துத் தரையில்தான். நான்தான் பினாயில் ஊற்றிக் கழுவினேன், வேறு யார் செய்வார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடைசியாக ஒருமுறை உதைத்துப் பார்க்கிறேன் என்றான். அவன் வருவதற்குள், பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிற ஒரு வயரின் தோலைச் சுரண்டி, சட்டத்தின் இரும்போடு ஒட்டும்படி சொருகி வைத்துவிட்டேன். பொறி முழுக்க அதிலேயே இறங்கிவிடும், பிளக்குக்குப் போகாது. நன்றாக இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டே தடவிக் கண்டுபிடித்திருப்பான். அன்றைக்கு அவன் தேடவே இல்லை. இரண்டு உதை உதைத்தான், கிக்கரை மடக்கி வைத்தான், சோப்புப் போட்டுக் கை கழுவினான், உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டேனா என்று மனைவியைக் கேட்பான். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று எழுந்து எழுந்து போவான். சட்டைப் பொத்தானைப் போட்டால்கூட யாராவது ஆமாம் என்று சொல்லவேண்டும். நிஜமாகவே மறக்கிறானா, தன்னை நம்ப முடியாமல் கேட்கிறானா என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். மறக்கிறான் என்றேன். கேட்டுக் கேட்டு எங்கள் உயிரை வாங்கினான். சலித்துப்போய்விட்டது.

பட்டறையில் அந்த வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. விற்றுவிடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். நேற்று மத்தியானம் வாங்க ஒருவர் வந்தார். ரேஸ் ஓட்டுகிறவர், சூட்டிகையான ஆள். கிளப்பிக் காட்டுங்கள் என்றார். நான் டேங்குக்கு அடியில் கையை விட்டு அந்த வயரைத் தள்ளிவிட்டேன். தம்பி மனைவி சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரே உதையில் கிளம்பிவிட்டது, டாக்டர். இத்தனை நாள் சும்மா கிடந்த வண்டி. ஒரு தட்டல் இல்லை, ஒரு உதறல் இல்லை. வந்தவர் குனிந்து என்ஜினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யாருங்க கட்டினது? இந்த மாதிரி கையை நான் பாத்ததே இல்ல."

"நான்தான்," என்றேன்.

அப்போதுதான் தம்பி சத்தம் கேட்டு வாசல்படிக்கு வந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்தது. கோபப்படுவான் என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்குக்கூட ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். அவன் வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஜன்னலில் நின்ற மனைவி பக்கம் திரும்பி அழுதுகொண்டே சிரித்தான்.

"நான் சொன்னேன்ல, கோளாறு என் தலையிலதான்னு. அண்ணன் பாத்துக் கட்டினதும் கிளம்பிடுச்சு பாரு."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஈரம், மூக்குச்சளி எல்லாம் என் கைமேல். கையை இழுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். ஒரு மனிதன் இவ்வளவு தூரத்துக்கா தன்னை விட்டுக்கொடுப்பான். அருவருப்பாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். கழுவிவிட்டுத் திரும்பினால் அவள் நிற்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. டாக்டரிடம் நீங்களே சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே, அந்த மாத்திரை வேண்டாம். அவன் தலையில் ஒரு கோளாறும் இல்லை. டேப்பை மூடினான், இடைவெளி வைத்தான், துணியை எடுத்தான். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தான், நான்தான் கலைத்தேன். வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும். அவனைக் கூப்பிட்டு, உன் தலை நன்றாக இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லுங்கள். வண்டியைக் கட்டியது யார் என்கிற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். அது நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அண்ணன் என்று அவனுக்கு என்மேல் ஒரு மரியாதை வேண்டாமா.